மீனுக்கும் சேர்த்து ஒரு மாத்திரை

அன்புள்ள சேகர்,

எட்டு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. நீ திட்டுவது ஸ்வீடனில் இந்த உப்சாலா வரை கேட்கிறது. மருமகளுக்கு வேலை கிடைத்ததில் சந்தோஷம்.

குளிர்காலத்தில் எனக்குப் படபடப்பு, தூக்கமே இல்லை. டாக்டர் பதற்றம் தணிக்கும் ஆக்சசெபாம் மாத்திரை எழுதினார். இப்போது தேவலை. குறுக்குத்துறையில் ஆற்றில் குதிக்கப் பயந்து துண்டைப் பிடித்துக்கொண்டு நின்ற பயல்தானே என்று மணியண்ணன் சிரிப்பார். அவரிடம் சொல்லிவிடாதே.

விஷயம் அதுவல்ல. ஊருக்கு நடுவே ஃபூரிஸ் ஆறு ஓடுகிறது. தினமும் அதன் பாலத்தைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். என் உடம்பிலிருந்து சிறுநீரில் போகும் மருந்தைச் சுத்திகரிப்பு நிலையம் சரியாகப் பிரித்தெடுப்பதில்லையாம்; அது ஆற்றில் கலந்துவிடுகிறது. உமியோ பல்கலைக்கழகத்து டோமாஸ் புரோடின் குழு 2013இல் இதே ஆற்றுத் தண்ணீரிலும், இதில் பிடித்த பெர்ச் மீனின் சதையிலும் ஆக்சசெபாமைக் கண்டிருக்கிறது. நான் வருவதற்கு முன்பே! அப்படியும் எனக்குக் கூசுகிறது.

பெர்ச் நம்ம ஊர் கெண்டை மாதிரி இல்லை. முதுகிலிருந்து கறுப்புப் பட்டைகள், அடியில் சிவந்த துடுப்புகள். பயந்த சுபாவம், கூட்டமாகத் திரியும். ஆய்வுக்கூடத் தொட்டியில் இந்த மருந்தைக் கொஞ்சம் கலந்தாலே கூட்டத்தை விட்டு விலகியது, வேகவேகமாகத் தின்றது. நிறையக் கலந்தபோது பயமும் விட்டுப்போய்ப் புது இடத்துக்குத் துணிந்து நீந்தியது.

2025இல் இன்னோர் ஆய்வு வந்தது. இந்த நாட்டிலேயே டால் ஆற்றிலிருந்து கடலுக்குப் போகும் சால்மன் குஞ்சுகளின் உடம்பில் குளோபசாம் என்ற மருந்தை வைத்து நீந்தவிட்டார்கள். இதுவும் என் மாத்திரைக்கு உறவுக்காரன்தான். மருந்தில்லாத குஞ்சுகளைவிட இவை அதிகமாகக் கடலைச் சேர்ந்தன, வழியிலிருந்த இரண்டு மின் அணைகளையும் சீக்கிரம் கடந்தன. "அப்போ நல்லதுதானே?" என்று ஆபீஸில் ஒருவன் கேட்டான். எரிச்சலாக வந்தது. ஆய்வுக்கூடத்தில் இதே மருந்து வைத்த வேறு குஞ்சுகள், வேட்டை மீன் பக்கத்தில் இருந்தபோதும் நெருங்கி நிற்காமல் சிதறியே நின்றனவாம். கடலில் அதைத் தின்ன எத்தனை வாய் காத்திருக்கிறது! நான் பயந்தால் போர்த்திப் படுத்துக்கொள்வேன். பயத்தை விட்டால் மீனுக்கு வேறு என்ன காவல்?

நேற்றுப் பாலத்தடியில் ஒரு பெர்ச் தனியாக நின்றது. சும்மாகூட நின்றிருக்கலாம். ஆனால் அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்து பஸ்ஸை விட்டேன்.

அடுத்த வாரம் டாக்டரிடம் மாத்திரையைக் குறைக்கலாமா என்று கேட்க வேண்டும். மீனுக்காக என்று சொன்னால் கூட்டிவிடுவார்.

உன்,
ரகு