சனிக்கிழமை நாலு மணிக்கு என்னைக் கைபிடித்தவர்களுக்கு

அன்புள்ளவர்களே,

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் 30 வருடம் கொலுசுப் பட்டறை வைத்திருந்த என் வீட்டுக்காரருக்கு மறதி நோய் வந்து இது 5ஆவது வருடம். முதலில் பார்த்த மருத்துவர், "வயசானா அப்படித்தான்" என்று ஒரே வரியில் அனுப்பிவிட்டார். அவருக்கு இந்த மடலில் இடமில்லை.

முதல் நன்றி ஏற்காட்டு ஆன்ட்டிக்கு. சிறு வயதில் ரயில்வே காலனியின் கிறிஸ்துமஸ் நடனங்களில் ஆடிய வால்ட்ஸ் என்ற ஜோடி நடனத்தை 76 வயதில் எங்களுக்குச் சொல்லித்தர, வாரா வாரம் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் பஸ்ஸில் தாண்டி இறங்கி வந்தீர்கள். உங்கள் கணவரையும் இதே நோயில் பார்த்துக்கொண்டவர் நீங்கள். அதனால்தான் நோயாளியை விட்டுவிட்டு, பார்த்துக்கொள்கிற எங்களைக் கூப்பிட்டீர்கள் போல.

அஸ்தம்பட்டியில் அந்தத் தையல் வகுப்பு மாடியில் நாங்கள் ஏழு பெண்கள். வால்ட்ஸில் ஒருவர் நடத்துவார், மற்றவர் பின்னடி வைத்துப் போவார். நான் பின்னால் போகிறவள். முதுகில் வைத்த கை லேசாகத் திரும்பினால் நானும் திரும்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை, அதுவே வரவில்லை. "ஏம்மா இழுக்கிறே? சும்மா வா" என்றார் ஆன்ட்டி. பல் தேய்க்க, சட்டை மாட்ட, கழிப்பறைக்குக் கூட்டிப் போக என்று விடிந்ததிலிருந்து இழுத்தே பழகிய கை. சும்மா வருவதற்கு எனக்கு மூன்று வாரம் பிடித்தது. நாலாவது வாரம் கண்ணை மூடிக்கொண்டு ஆடினேன். ஆடும்போதே தூக்கம் வந்தது. அத்தனை நிம்மதி.

என் ஜோடி கொண்டலாம்பட்டி டீச்சருக்கு நன்றி. உங்கள் காலை மிதித்ததற்கு மன்னிப்பும். ஆன்ட்டியின் 'ஒன் டூ த்ரீ' எனக்குக் குழம்பியபோது, "இது நம்ம தகிட தகிட தானே" என்று சொல்லிப் புரியவைத்தீர்கள். நியூயார்க்கில் ஜோ வர்கீஸ் என்ற மருத்துவரின் குழு 75 வயது தாண்டிய 469 பேரைக் கவனித்து 2003இல் வெளியிட்ட ஆய்வைச் சொன்னதும் நீங்கள்தான். உடலை அசைக்கும் பழக்கங்களில் நடனம் ஒன்றுக்குத்தான் மறதி நோய் வரும் வாய்ப்பு குறைவதோடு தொடர்பு தெரிந்ததாம். வந்துவிட்ட வீட்டில் இதைச் சொல்லி என்ன பயன் என்று கேட்டேன். "உங்களுக்கு வராம இருக்கட்டும்னுதான்" என்றீர்கள். என்னைப் பற்றி ஒருவர் கவலைப்பட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

வீட்டிலும் ஒன்று மாறியது. குளியலறை வாசலில் அவர் அப்படியே நின்றுவிடுவார். முன்பெல்லாம் இழுப்பேன், அவர் கையை ஓங்குவார். இப்போது இரண்டு கையையும் பிடித்து, இடமும் வலமுமாக மெல்ல அசைந்து, நான் பின்னால் ஓரடி வைக்கிறேன். பெரும்பாலும் கூடவே வருகிறார். சில நாள் திட்டுகிறார், சரி. என் பெயர் அவருக்கு மறந்துபோய் ஒரு வருடம் ஆகிறது. ஆனால் ஒரு சனிக்கிழமை கொலுசு போட்டுக்கொண்டு கிளம்பியபோது குனிந்து தொட்டுப் பார்த்து, "பற்றவைப்பு சரியில்ல, எந்தப் பட்டறை?" என்று கேட்டார். அவருடைய பட்டறைதான். நான் சொல்லவில்லை.

ஆடப் போகிறேன் என்று கேள்விப்பட்டுச் சிரித்த சொந்தக்காரர்களே, உங்களுக்கும் ஒரு வணக்கம். சனிக்கிழமைகளில் அவரோடு உட்கார மட்டும் உங்களில் ஒருவரும் வரவில்லை.

வந்தவர் எதிர் வீட்டு அக்கா. ஒரு கிண்ணம் முத்துச் சலங்கைகளைக் கொடுத்துப் பெரிது சிறிதாகப் பிரிக்கச் சொல்வீர்கள். பிரித்து முடித்ததும் அவர் பார்க்காதபோது திரும்பக் கலந்துவைப்பீர்கள். அந்த யோசனை எனக்கு ஐந்து வருடத்தில் வரவில்லை. நான் திரும்பி வரும்போது இருவரும் தட்டுவடை செட் தின்றுகொண்டிருப்பீர்கள். எனக்கும் ஒன்று எடுத்துவைத்திருப்பீர்கள்.

அக்கா, உங்கள் மூன்றடுக்கு டிபன் கேரியர் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. வெறுமனே திருப்பித் தர மனசில்லாமல் வைத்திருக்கிறேன். இந்தச் சனிக்கிழமை கொண்டு வருகிறேன்.