பஞ்சைப் பார்த்துத் தையலை முடிவு செய்யுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் எங்கள் மாதர் சங்கச் செயற்குழு அக்காமார்களுக்கு வணக்கம்.

முதியோர் இல்லத்துக்குக் குளிர்காலக் குவில்ட் (இரண்டு துணிக்கு நடுவே பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை) தைப்பது பற்றிய உங்கள் சுற்றறிக்கை வந்தது. மூன்று அடுக்கையும் சேர்த்து 30 செ.மீ.க்கு ஒரு முடிச்சு போட்டால் போதும், கைத்தையலும் மெஷின் தையலும் வேண்டாம், நேரம் பிடிக்கிறது என்று மறுபடியும் அதே விதி. போன வருடம் இந்த விதியால் என்ன ஆனது என்று உங்களுக்கும் தெரியும். தெரிந்தும் அதையே அனுப்பியிருப்பதால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

ஜன்னலோரக் கட்டிலில் இருக்கும் ஆயாவின் குவில்ட்டை, இங்கே குளிர்காலமான ஆகஸ்டில் கையில் எடுத்துப் பார்த்தேன். சலவைக்குப் போய் வந்திருந்தது. முடிச்சுகள் அப்படியே இருந்தன. நடுவிலிருந்த பஞ்சுதான் பிய்ந்து, கால்மாட்டில் உருண்டை உருண்டையாகத் திரண்டு கிடந்தது. நெஞ்சின் மேல் வரும் இடத்தில் வெறும் இரண்டு துணி. வெளிச்சத்தில் பிடித்தால் பின்னாலிருந்த என் விரல்கள் தெரிந்தன. ஆயா அதை இரண்டாக மடித்துப் போர்த்திக்கொண்டு, பாதம் வெளியே தெரியப் படுத்திருந்தார். "பரவாயில்லம்மா, கஷ்டப்பட்டுத் தைச்சிருக்கீங்க" என்றார். அதைக் கேட்டபின் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

முடிச்சு முறையை நான் குறை சொல்லவில்லை. பொசுபொசுவென்ற பாலியஸ்டர் பஞ்சுக்கு 10 செ.மீ. இடைவெளியில் கெட்டி நூலால் இறுக முடிச்சிட்டால் நன்றாகவே தாங்கும். ஆனால் சங்கம் வாங்கித் தந்தது பிடிப்பில்லாத வெறும் பருத்திப் பஞ்சு. 5 செ.மீ.க்கு மேல் இடைவெளி விடக்கூடாது என்று அதன் உறையிலேயே அச்சிட்டிருக்கிறது. ஊசியால் குத்தி இறுக்கிய பஞ்சென்றால் 20 செ.மீ. வரைகூட விடலாம். ஆகவே பஞ்சைப் பாருங்கள், அப்புறம் தையலை முடிவு செய்யுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

அடிக்கடி சலவைக்குப் போகும் போர்வைக்கு மெஷின் தையலே மேல் என்பது என் எண்ணம். மூன்று அடுக்கையும் கையகல இடைவெளியில் சேஃப்டி பின் குத்தி, மெஷினில் வாக்கிங் ஃபுட் (எல்லா அடுக்கையும் ஒன்றுபோல நகர்த்தும் பாதம்) மாட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்க்கோடாக ஓட்டினால் அடித்துணி சுருங்காது. மடியில் விரிக்கும் சின்னக் குவில்ட்டுக்குக் கை ஓட்டுத்தையல் போதும். தொட்டால் மெத்தென்று இருக்கும். மின்சாரம் போனால் என்ன செய்வது என்பீர்கள். 2023இல் லோட்ஷெடிங் (முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துவது) உச்சத்தில் இருந்தபோது மெஷின்கள் நின்றன, கைகள் நிற்கவில்லையே!

நம் சங்கத்தில் பாதிப் பேர் டர்பன் துணித் தொழிற்சாலைகளில் உழைத்துத் தேய்ந்தவர்கள். 1990களில் மலிவு இறக்குமதி வந்து அந்தக் கதவுகளை மூடியபோதும் அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்களுக்குத் தெரியாத தையலா? சாட்ஸ்வொர்த்தில் நாமே நடத்தும் சங்கத்திலும் அவர்கள் வாயைத் திறக்கக் கூடாதென்றால் எங்கே போய்ச் சொல்வார்கள்?

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். துணி வெட்டும் நாளுக்கு முன் அந்தச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். முடிச்சுதான் வேண்டுமென்றால் சரி, அதற்கேற்ற பாலியஸ்டர் பஞ்சை வாங்கிக் கொடுங்கள். பருத்திதான் என்றால், உறையில் சொன்ன இடைவெளியில் தைக்க விடுங்கள். போன வருடக் குவில்ட்டுகளையும் திருப்பி வாங்கித் தாருங்கள். பிரித்து மறுபடி தைத்துத் தர நாங்கள் பலர் தயாராக இருக்கிறோம்.

அன்புடன்,
சங்க உறுப்பினர் ஒருத்தி