இரும்பு மாத்திரையைப் பாலோடு விழுங்கினால் என்ன பயன்?

ஆசிரியருக்கு,

உங்கள் பெண்கள் பக்கத்தில் கர்ப்பிணிகள் என்ன சாப்பிடலாம் என்று அடிக்கடி போடுகிறீர்கள். பேரீச்சை, முருங்கைக்கீரை, மாதுளை எல்லாம் சரிதான், ஆனால் கூடவே மாத்திரையை எதோடு சாப்பிடக்கூடாது என்றும் ஒரு வரி போட்டிருந்தால் என் மகள் அன்றைக்கு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து அழுதிருக்க மாட்டாள்.

வளைகாப்பு முடிந்து அவளை வீட்டுக்குக் கூட்டி வந்த மறுவாரம் பரிசோதனைக்குப் போனோம். நான்காம் மாதம் 11.2 இருந்த ஹீமோகுளோபின் 9.6-க்கு வந்திருந்தது. 11-க்குக் கீழே போனாலே ரத்தசோகை என்கிறார்கள். டாக்டரம்மா எடுத்த எடுப்பில், "மாத்திரையைக் குப்பையில போட்டியா?" என்று கேட்டார். அவள் ஒரு நாள்கூட விட்டதில்லை, காலி அட்டைகளைக்கூட ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறாள். பிறகு வெளியே இருந்த வயதான நர்ஸம்மாதான், "எப்பம்மா சாப்பிடுற, எதோட சாப்பிடுற?" என்று பொறுமையாகக் கேட்டார். ராத்திரி படுக்கப் போகுமுன் சிவப்பு மாத்திரை, வெள்ளை மாத்திரை இரண்டையும் ஒன்றாகப் போட்டு ஒரு டம்ளர் பால். மூன்று மாதமாக இப்படித்தான். அந்தப் பாலில் மாப்பிள்ளை நானூறு ரூபாய் கொடுத்து வாங்கிய குங்குமப்பூ வேறு.

சிவப்பு இரும்பு, வெள்ளை கால்சியம். கால்சியம் பக்கத்தில் இருந்தால் இரும்பை உடம்பு சரியாக எடுத்துக்கொள்ளாதாம், பாலும் அதே கதைதான். இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். டீ, காபி இன்னும் மோசம். எங்கள் வீட்டில் யாருக்கும் இது தெரியாது. முப்பத்தோரு வருடம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்த எனக்கு எப்படித் தெரியும்? ஏழாம் மாதத்தில் ரத்தம் கொஞ்சம் நீர்த்துப் போவது இயற்கைதான், ஆனால் இவ்வளவு இறங்கக் கூடாது என்றார் அந்த நர்ஸம்மா.

அரசு இந்த மாத்திரையைச் சும்மா தருகிறது, அதைக் குறை சொல்ல வரவில்லை. ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒன்றாக 180 நாள், குழந்தை பிறந்த பிறகும் 180 நாள். இத்தனை கணக்குப் போட்டுக் கொடுக்கிறவர்கள், "பாலுடன் வேண்டாம்" என்று இரண்டு சொல்லை அட்டையின் பின்னால் தமிழில் கொட்டை எழுத்தில் அடிக்கக் கூடாதா? எங்களுக்கு வந்த அட்டையில் அது இல்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் நாட்டின் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று வந்தது. அதில் எத்தனை பேர் என் மகளைப்போல ஒழுங்காக விழுங்கியும் பலன் இல்லாதவர்களோ.

விழுங்காதவர்கள் கதை வேறு. மலம் கறுப்பாகப் போனதும் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். அது இரும்பினால் வருவது, பயப்பட ஒன்றுமில்லை என்று கொடுக்கும்போதே சொன்னால் போதும். எங்கள் தெருவில் ஒரு கர்ப்பிணி, குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அத்தனையையும் மாட்டுத் தொட்டிக்குப் பின்னால் வீசியிருக்கிறாள்.

அப்புறம் அந்த ஃபோலிக் அமிலம். கரு உண்டாகி 28 நாளுக்குள்ளேயே குழந்தையின் முதுகுத்தண்டு, மூளைக்கான குழாய் மூடிவிடுமாம், அது சரியாக மூடத்தான் இந்த அமிலம் வேண்டுமாம். நாள் தள்ளிப்போய், உறுதி செய்து, பதிவு பண்ணப் போவதற்குள் அந்தக் காலம் முடிந்துவிடுகிறது! குழந்தைக்குத் தயாராகும்போதே தினம் 400 மைக்ரோகிராம் ஆரம்பிக்க வேண்டும் என்பது புதிதாகக் கல்யாணமான எத்தனை பேருக்குத் தெரியும்?

இப்போது எங்கள் வீட்டில் டாக்டரம்மா சொன்னபடி சிவப்பு மாத்திரை இரண்டாகிவிட்டது. காலைப் பலகாரத்துக்குப் பின் வெள்ளை, 11 மணிக்கு எலுமிச்சைச் சாற்றோடு சிவப்பு, 4 மணிக்கு இன்னொரு சிவப்பு, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் வெள்ளை. நாலு மணி டீயை ஆறு மணிக்குத் தள்ளியதில் என் மனைவிக்குத்தான் வருத்தம். ஒரு மாதத்தில் 10.5 வந்திருக்கிறது.

இந்த நேரங்களை மார்க்கரில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன். பக்கத்து வீட்டு மருமகளும் அவள் தோழியும் வந்து போனில் படம் எடுத்துப் போனார்கள். உங்கள் பக்கத்தில் ஒரு டாக்டரிடம் சரிபார்த்து இதே மாதிரி ஒரு கட்டம் போடுங்கள், வெட்டி ஒட்டிக்கொள்ள வசதியாகக் கொஞ்சம் பெரிய எழுத்தில்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடத்துநர், அருப்புக்கோட்டை