காளான் தாவரம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பில் வந்த காளான் வளர்ப்புக் கட்டுரை பயனுள்ளதே. ஆனால் காளானைப் 'பச்சையம் இல்லாத தாவரம்' என்று எழுதியிருப்பது பழைய பாடம். காளான் ஒரு பூஞ்சை. 1969-இல் அமெரிக்க உயிரியலாளர் ராபர்ட் விட்டேக்கர் உயிரினங்களை ஐந்து உலகங்களாகப் பிரித்தபோதே பூஞ்சைகளுக்குத் தனி உலகம் கிடைத்துவிட்டது. (கல்லூரிகளில் இன்னும் தாவரவியல் துறைதான் அவற்றைக் கட்டி மேய்க்கிறது, அது வேறு கதை.)

பூஞ்சையின் செல்சுவரில் இருப்பது கைட்டின். இறால் ஓட்டில் உள்ள அதே பொருள். உணவை நம் கல்லீரலைப் போலவே கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்தாகச் சேமிக்கிறது. மரபணு ஆய்வுகளும் பூஞ்சைகளை விலங்குகளுக்கு நெருங்கிய உறவாகவே காட்டுகின்றன.

இந்த உறவால் நமக்குத் தொல்லையும் உண்டு. 2021-இல் கருப்புப் பூஞ்சை நோய் பரவியபோது ஆம்போடெரிசின்-பி மருந்துக்கு நாடெங்கும் தட்டுப்பாடு ஏற்பட்டது நினைவிருக்கும். அந்த மருந்து பூஞ்சையின் செல்சவ்விலுள்ள எர்கோஸ்டெரால் என்ற கொழுப்புப் பொருளைப் பற்றிக்கொண்டு சவ்வைச் சிதைக்கிறது. நம் செல்களில் அதன் இடத்தில் இருக்கும் கொலஸ்டெராலும் ஏறக்குறைய அதே சாயல். மருந்து சற்றே தடுமாறினாலும் நோயாளியின் சிறுநீரகம் அடி வாங்குகிறது.

கட்டுரைப் படத்தில் வைக்கோலுக்குள் ஓடும் வெள்ளை இழைகளை 'வேர்' என்று குறித்திருப்பதையும் திருத்துங்கள். நொதிகளைச் சுரந்து, வைக்கோலை வெளியிலேயே செரித்து உறிஞ்சும் பூஞ்சை இழைகள் அவை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
திண்டுக்கல்