மேல்தளத்தோடு நின்றுவிட்ட கட்டுரை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் இதழில் விமானந்தாங்கிக் கப்பல் பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. பேரன் கொண்டுவந்து கொடுத்தான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தேன். படங்கள் நன்றாக இருந்தன. விமானிகளுக்கு நாலு பத்தி, சப்பாத்தி மெஷினுக்கு ஒரு பத்தி. கப்பலின் அடியில் இருப்பவர்களைப் பற்றி ஒரு வரி கிடையாது. போதாக்குறைக்கு, புது விக்ராந்தும் 'பழைய விக்ராந்தைப் போலவே நீராவி விசையால் விமானங்களை வீசுகிறது' என்று எழுதியிருக்கிறார்கள். அதைத் திருத்தத்தான் இந்தக் கடிதம்.

கொச்சியில் கட்டி, 2022 செப்டம்பர் 2 அன்று கடற்படையில் சேர்ந்த அந்தக் கப்பலில் நீராவி கேட்டபுல்ட், அதாவது விமானத்தை வீசியெறியும் கருவி, இல்லை. கப்பலை ஓட்டுவதும் நீராவி அல்ல, 4 கேஸ் டர்பைன்கள். விமானம் தன் எஞ்சின் பலத்தில் ஓடி, 14 டிகிரி மேல்நோக்கி வளைந்த முன்தளத்தில் ஏறி எழும்புகிறது. பழைய கப்பல் வேறு ரகம். 1974 முதல் 1977 வரை நான் அதில் ஸ்டோக்கர். பாய்லர் பார்க்கிற ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லோனாவாலாவில் ஐ.என்.எஸ். சிவாஜி என்ற கடற்படைப் பயிற்சி நிலையத்தில் பயிற்சி முடித்து, பம்பாயில் அந்தக் கப்பலில் ஏறியபோது எனக்கு 20 வயது. 700 அடி நீளம். அண்ணாந்து பார்த்துக்கொண்டே போனேன். மேலே ஏறச் சொல்வார்கள் என்று நினைத்தால், இறங்கச் சொன்னார்கள். ஏணிக்கு மேல் ஏணியாக இறங்கிக்கொண்டே இருந்தேன். கீழே 4 பாய்லர்கள், 2 டர்பைன்கள், 40,000 குதிரைசக்தி. இரண்டு பாய்லருக்கு ஒரு டர்பைன் என்று இரண்டு தொகுதி. அவற்றைப் பக்கத்துப் பக்கத்தில் வைக்காமல், ஒன்றை முன்னால் தள்ளி, மற்றதைப் பின்னால் தள்ளி வைத்திருந்தார்கள். ஒரே அடியில் இரண்டும் போய்விடக் கூடாது என்ற கணக்கு.

எரிப்பது ஃபர்னஸ் ஆயில். எண்ணெயைப் பீய்ச்சும் ஸ்ப்ரேயர் முனையில் கரி பிடித்துக்கொள்ளும். கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டே இருக்க வேண்டும். காற்று குறைந்தால் புகைபோக்கியில் கறுப்புப் புகை வரும். உடனே மேலிருந்து திட்டும் வரும். திட்டுவதில் நியாயம் உண்டு: இறங்க வருகிற விமானம் கப்பலுக்குப் பின்னாலிருந்துதான் வர வேண்டும், புகையும் பின்பக்கமாகத்தான் போகும். நாங்கள் கீழே செய்கிற தப்பு விமானியின் கண்ணை மறைக்கும். வெயில் காலத்தில் தெர்மாமீட்டர் 50 டிகிரியைத் தொடும். 4 மணி நேரம் வாட்ச், அதாவது எங்கள் வேலை முறை, முடித்து மேலே வந்தால் பம்பாய் வெயிலே குளிராகத் தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ப்ரொப்பெல்லரைச் சுற்றுகிற அதே ஆவிதான் கேட்டபுல்ட்டுக்கும் போக வேண்டும். மேலே ஒரு ஸீ ஹாக் விமானமோ அலிஸே விமானமோ சீறிக்கொண்டு கிளம்பும். ஆவித் தொட்டி மறுபடி நிரம்பத் தொடங்கியதும் எங்கள் பிரஷர் ஊசி சட்டென்று இறங்கும். அப்போது ஒரு வேடிக்கை நடக்கும். அழுத்தம் குறைந்த மாத்திரத்தில் பாய்லர் டிரம்மிலிருக்கும் தண்ணீர் நுரைத்துப் பொங்கும். தண்ணீர் மட்டம் காட்டும் கேஜ் கிளாஸில் மட்டம் ஏறுவதுபோலத் தெரியும். புதிதாக வந்தவன், தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று பயந்து, பாய்லருக்குத் தண்ணீர் விடும் ஃபீட் வால்வை மூடப் போவான். நானும் போனேன். பின்னாலிருந்து சீஃப் கையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். அவர் மலையாளி. "டேய், பால் பொங்கினால் பால் கூடிவிட்டது என்றா அர்த்தம்? அடுப்பை விட்டு இறக்கினால் எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டார். மூடியிருந்தால், பொங்கல் அடங்கியதும் மட்டம் கீழே போய், குழாய்கள் தண்ணீரில்லாமல் வெந்திருக்கும். பிற்பாடு 1987ல் ஓய்வு பெற்று, இங்கே ஒரு ஆலையில் பாய்லர் பார்த்தபோது, எனக்குக் கீழே வந்த பையன்களுக்கெல்லாம் இந்தப் பால் கதையைத்தான் சொன்னேன்.

அப்புறம் தண்ணீர். கேட்டபுல்ட்டுக்குப் போகிற ஆவி திரும்பி வராது. டர்பைனுக்குப் போனது குளிர்ந்து மறுபடி தண்ணீராகிவிடும். இது போனது போனதுதான். அந்த நஷ்டத்தைக் கடல்நீரைக் காய்ச்சி எவாப்பரேட்டரில் எடுக்கிற தண்ணீரால்தான் ஈடுகட்ட வேண்டும். துளி உப்பு கலந்தாலும் பாய்லருக்கு ஆகாது. அதற்குக் கொடுத்தது நாங்கள் குடித்ததைவிடச் சுத்தமான தண்ணீர். முதல் பந்தி பாய்லருக்கு, மிச்சம்தான் ஆயிரத்துக்கும் மேற்பட்ட எங்களுக்கு. பறக்கும் பயிற்சி மும்முரமாக நடந்த நாட்களில் குளியலறைக் குழாய் காலையில் அரை மணி, மாலையில் அரை மணி. சோப்பு போட்டு நிற்கும்போது நின்றுவிட்டால் கடல்தண்ணீர்தான். அதில் நுரையும் வராது, பிசுபிசுப்பும் போகாது. மேலே எத்தனை விமானம் கிளம்பிற்று என்பதைக் குளியலறையில் கேட்கும் வசவுகளை வைத்தே சொல்லிவிடலாம். இன்றைக்கும் சோப்பு போடும்போது என் கை தானாகக் குழாயை மூடும். வீட்டம்மா சிரிப்பாள்.

'மிதக்கும் விமான நிலையம்' என்று தலைப்பு வைத்திருந்தீர்கள். விமான நிலையம் காற்றைத் தேடிப் போவதில்லை. இந்தக் கப்பல் போக வேண்டும். நெல் தூற்றுகிறவர் காற்று பார்த்து நிற்பது மாதிரி, விமானம் கிளம்பும்போதும் இறங்கும்போதும் கப்பல் காற்றுக்கு நேரே மூக்கைத் திருப்பி ஓட வேண்டும். கடலில் 10 நாட் காற்று (நாட் என்பது கடலில் வேகத்தை அளக்கும் அளவு), கப்பலுக்கு 20 நாட் வேகம் என்றால் தளத்தின் மேல் 30 நாட் காற்று. காற்றே இல்லாத நாளில் கப்பல்தான் காற்று. அந்தக் காற்றைச் செய்தது எங்கள் பாய்லர்கள்.

1971 போரைப் பற்றி நீங்கள் எழுதியதில் பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி இருக்கிறது, டிசம்பர் 4ல் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் ஸீ ஹாக்குகள் தாக்கியது இருக்கிறது. பாய்லர் இல்லை. நான் அப்போது கடற்படையிலேயே இல்லை. கீழே கூட இருந்த பெரியவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டது. போருக்கு முந்தின வருஷமே பாய்லர் டிரம்களில் விரிசல் கண்டுபிடித்திருந்தார்கள். வெல்டிங் வைத்து ஒப்பேற்றக்கூடிய விரிசல் இல்லை. ஒரு பாய்லரை அணைத்துவிட்டு, மற்றவற்றுக்கு இரும்புப் பட்டை கட்டி, மூன்றை வைத்துக்கொண்டுதான் போருக்குப் போனார்கள். 24 நாட் வேகத்துக்கு மேல் ஓடும்படி கட்டிய கப்பல், சுமார் 16 நாட் வேகத்தில் வங்காள விரிகுடாவில் ஓடி விமானங்களை அனுப்பியது. இழந்த ஒவ்வொரு நாட் வேகத்தையும் இயற்கைக் காற்றிடம்தான் கேட்டு வாங்க வேண்டும். நான் போனபோதும் அதே பாய்லர்கள்தான். 1979ல் தொடங்கிய பெரிய ரிப்பேரின்போதுதான் புதியவை வைத்தார்கள். பட்டை கட்டிய பாய்லருக்கு முன்னால் மிடில் வாட்ச்சில், நள்ளிரவு 12 முதல் 4 வரை, தனியாக நிற்கும்போது வீட்டு ஞாபகம் கொஞ்சம் அதிகமாகவே வரும்.

அந்தக் கப்பலை 2014ல் உடைக்கத் தொடங்கினார்கள். அதன் இரும்பைச் சேர்த்து உருக்கிச் செய்த பஜாஜ் 'வி' பைக் ஒன்று எங்கள் தெரு டீக்கடை வாசலில் தினம் நிற்கிறது. அந்தப் பையனிடம் நான் ஒன்றும் சொல்லிக்கொள்வதில்லை. அது எந்தத் தளத்து இரும்போ!

கட்டுரை எழுதியவரிடம் ஒன்று கேட்க வேண்டும். எங்கள் காலத்தில் எத்தனை விமானம் கிளம்பிற்று என்பதை ஊசி சொல்லிவிடும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தடவை விழும், நாங்கள் விரல்விட்டு எண்ணுவோம். இறங்குவதற்கு ஆவி வேண்டாம். அதனால் எத்தனை திரும்பி வந்தது என்பது எங்களுக்குத் தெரியாது. அடுத்த வாட்ச்சுக்கு ஏணியில் இறங்கி வருகிறவனிடம் முதல் வேலையாக அதைத்தான் கேட்போம். புதுக் கப்பலில் பாய்லரும் இல்லை, அந்த ஊசியும் இல்லை. அடுத்த தடவை கொச்சிப் பக்கம் போனால் உங்கள் நிருபர் ஒருமுறை கீழே இறங்கி, மேலே விமானம் போவதும் வருவதும் அங்கே இருப்பவர்களுக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்டு எழுதட்டும். படிக்கக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் கடற்படை ஸ்டோக்கர்,
ராஜபாளையம்.