27-ம் நம்பர் கல்லு

மாப்ள சேகரு,

காலேஜ்ல பொறுக்குன கல்லுக்கெல்லாம் நம்பர் போட்டு எழுதுனோமே, நம்ம நீல அட்டை போட்ட நோட்டு, அது எங்கடா இருக்கு? லால்குடி வீட்டுப் பரண்ல அந்த ட்ரங்க் பெட்டியில கெடக்கா, இல்ல வீட்ட எடுத்துக் கட்டுனப்ப பழைய பேப்பர்காரர்கிட்ட போயிடுச்சா? இத மொதல்ல சொல்லு, மத்ததெல்லாம் அப்புறம்.

எட்டு மாசமா ஒரு போன் இல்ல, பொங்கலுக்கு நீ பாட்டெல்லாம் பாடி அனுப்புன வாய்ஸ் மெசேஜுக்கு ஒரு கட்டைவிரல் போட்டதோட நிறுத்திட்டேன், தப்புதான். தங்கச்சியும் புள்ளைங்களும் நல்லாருக்காங்களா? ஷார்ஜா வெயில் எப்படி? இங்க எல்லாரும் நலம், எனக்கு சுகர் ஏறி மாத்திரைய மாத்தியிருக்காங்க, பெரியவ காலேஜ் ரெண்டாம் வருஷம் போயிட்டா. அது கெடக்கட்டும்.

விஷயம் இதுதான். தீபாவளி லீவு முடிஞ்சு ஸ்கூல் திறந்த அன்னிக்கு ஒன்பதாவது படிக்கிற பையன் ஒருத்தன், பச்சப்புள்ளைய தூக்கிட்டு வர்ற மாதிரி துண்டுல சுத்தி ஒரு உருண்டைக் கல்ல தூக்கிட்டு வந்தான். டைனோசர் முட்டையாம். ஸ்டாஃப் ரூமே கூடிடுச்சு. நம்ம மாவட்டத்துல எவன் கையில உருண்டைக் கல்லு கெடச்சாலும் இதே கதைதான், 2009-ல செந்துறை பக்கம் முட்டைக் கூடுன்னு சேலத்துப் பல்கலைக்கழக ஆளுங்க அறிவிச்சதுலேர்ந்து ஊருக்கே அந்த நெனப்பு. 2020 அக்டோபர்ல குன்னத்துல குளத்து மண்ணு எடுத்தப்ப கெடச்ச உருண்டைங்க போட்டோ உனக்கும் வந்திருக்கும், நீதான எனக்கே ஃபார்வேர்ட் பண்ண, கீழ மூணு ஆச்சரியக்குறி வேற. கடைசில அது முட்டை இல்ல, அம்மோனைட்ட, அதான் அழிஞ்சு போன சுருள் ஓட்டுக் கடல் பிராணிய, சுத்தி கட்டிப் பிடிச்ச கல்லுன்னு விஷயம் தெரிஞ்சவங்க சொன்னாங்க.

பையன் கொண்டு வந்ததும் அதேதான். பி.டி. மாஸ்டர் உடைச்சுப் பாத்துடலாம்னு சுத்தியலோட வந்துட்டாரு, நான் கைய குறுக்க நீட்டி தடுத்தேன். ஏற்கனவே ஒரு ஓரம் பேந்திருந்துச்சு, அதுல லென்ஸ் வச்சுப் பாத்தா முட்டை ஓடுன்னு தனியா ஒரு படலமே இல்ல. நெசமான முட்டைன்னா வெளில மெல்லிசா ஒரு ஓடு இருக்கும், அதுல காத்து போற பொடி ஓட்டைங்க இருக்கும், ஓட்டுக்கு உள்ள இருக்கிற மண்ணு வேற மாதிரி இருக்கும். இதுல வெளிலேர்ந்து உள்ள வரைக்கும் ஒரே சரக்கு, அந்தப் பேந்த எடத்துல கெடாக் கொம்பு மாதிரி வரி வரியா நெளிவு. முட்டை இல்லடா தம்பின்னதும் அவன் மூஞ்சி விழுந்துடுச்சு. அப்புறம் அவன உக்கார வச்சு சொன்னேன், நம்ம ஊரு கடலா இருந்த காலத்துல அந்த அம்மோனைட் செத்து சேத்துல விழுந்திருக்கு, அது அழுகும்போது சுத்தி இருக்கிற தண்ணியோட குணமே மாறி, தண்ணியில கரைஞ்சிருந்த சுண்ணாம்பு அது மேல சிமெண்ட் பூசின மாதிரி கட்டியிருக்கு, நீ தூக்கிட்டு வந்தது பத்து கோடி வருஷமா மூடிக் கெடந்த பெட்டிடான்னு. "அப்ப கடல் எங்க வீட்டு வாசல் வரைக்கும் இருந்துச்சா சார்?"னு கேட்டான். வாசல் வரைக்கும் இல்ல, உங்க வீட்டுக்கு மேலயேன்னு சொன்னேன். அவன் அண்ணாந்து பாத்தான் மாப்ள, அந்தப் பார்வைய நீ பாத்திருக்கணும்.

இதுவரைக்கும் எல்லாம் சரி. அடுத்தது கேளு. எங்கடா எடுத்தன்னேன். அவங்க அப்பா போன எடுத்து நீட்டினான். நாலு போட்டோ. கல்லு மண்ணுல பாதி புதைஞ்சிருக்கிறது ஒண்ணு, பக்கத்துல ஜியோமெட்ரி பாக்ஸ வச்சு ஒண்ணு, ஓடைய பூராவும் காட்டி ஒண்ணு, தூரத்துலேர்ந்து பனமரம் தெரியற மாதிரி ஒண்ணு. "எடுத்த எடத்துல குச்சி நட்டு வச்சிருக்கேன் சார், மறந்துடுவேன்னு." யாரும் சொல்லிக் குடுக்கல. ஸ்கேலுக்கு ஒரு பொருள வைக்கணும்னு நமக்கு மூணு வருஷம் ஜியாலஜி படிச்சும் எத்தன தடவ திட்டு விழுந்துச்சு, சப்ளாக்கட்டை சார் ஞாபகம் இருக்காரா? அவரு இருந்திருந்தா இந்தப் பையன தோள்ல தூக்கி வச்சிருப்பாரு.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. எந்திரிச்சு மாடிப்படிக்கு அடியில கெடந்த நம்ம சாக்க இழுத்தேன். 1996-லேர்ந்து கெடக்கு. வீட்டுக்காரி எலி இருக்கும்னு கத்தினா, நான் கேக்கல. எல்லாத்தையும் தரையில பரப்பினேன். காரை ஓடையில பொறுக்குன தோட்டாக் கல்லு ஒரு குவியல், அதான் பெலம்னைட், கணவாய் மாதிரி பிராணியோட உள் ஓடு, அரியலூர் பக்கத்து தடிச்ச சிப்பிங்க ஏழு, கருடமங்கலத்துல எடுத்த சிப்பிப் பளிங்கு, சாத்தனூர் போன அன்னிக்கு வழியில எடுத்த மரக்கல்லு, அதான் கல்லா மாறின மரம், அதோட சில்லுங்க. அந்த 18 மீட்டர் மரத்து பக்கத்துல நீ படுத்துப் பாத்து உன் உயரத்துக்கு எத்தன சேகர்னு அளந்தியே, பத்தரை சேகர். உன் ஆமையும் இருக்குடா, அது எங்க போகும், துவைக்கிற கல்லு பக்கத்துல இத்தன வருஷமா. இப்பவும் சொல்றேன், அது ஆமை ஓடு இல்ல, களிமண் உருண்டை காஞ்சு வெடிச்சு, அந்த வெடிப்புல கால்சைட்னு சுண்ணாம்புப் படிகம் ஏறினது. எட்டு கிலோவ பாடாலூர் வரைக்கும் தோள்ல சுமந்ததுக்காக அத ஆமைன்னு ஒத்துக்க முடியாது.

எல்லாத்துக்கும் நடுவுல ஒண்ணு. கைப்பிடி அளவு, பழுப்பு, ஒரு பக்கம் உடைஞ்சிருக்கு. அந்த உடைஞ்ச முகத்துல பூரா பொடிப் பொடி ஓட்டைங்க, ஸ்பாஞ்ச் மாதிரி, ஓரத்துல மட்டும் கெட்டியா ஒரு விளிம்பு. 1996-ல இத மரக்கல்லுன்னு ஒதுக்கிட்டோம்னு நெனக்கிறேன். இப்ப ஒரு வாரமா ராத்திரி ராத்திரி லென்ஸ் வச்சுப் பாக்குறேன். மரமா இருந்தா நார் ஓட்டம் நீளவாக்குல தெரியணும், வளையம் தெரியணும், ரெண்டும் இல்ல. கப்பல் புழு தின்ன மரமா இருக்குமோன்னு அடுத்த சந்தேகம், நம்ம பக்கம் அந்த மாதிரி மரக்கல்லு நெறைய உண்டு, அதுவும் ஓட்டை ஓட்டையாத்தான் இருக்கும், ஆனா புழு போட்ட ஓட்டை விரல் விரலா குழாய் மாதிரி போகும், இங்க ஒண்ணுக்குள்ள ஒண்ணு வலை மாதிரி பின்னிக் கெடக்கு. நாக்கு நுனியில வச்சுப் பாத்தேன், லேசா ஒட்டுது. இது மட்டுமே சாட்சி ஆகாது, பொரபொரப்பான எந்தக் கல்லும் ஒட்டும், ஆனா எல்லாத்தையும் சேத்துப் பாத்தா எனக்கு எலும்புன்னுதான் தோணுது மாப்ள. எலும்பு.

பல்கலைக்கழகத்துல இருக்கிற ஒரு பேராசிரியருக்கு போட்டோ அனுப்பினேன். அரை மணி நேரத்துல பதில். எலும்பா இருக்க நல்ல வாய்ப்பு இருக்குன்னு எழுதிட்டு, கீழ ஒரே ஒரு கேள்வி: எங்க எடுத்தது?

என்னால பதில் சொல்ல முடியல.

யோசிச்சுப் பாரு. காரையில எடுத்ததுன்னா அது கடல் படிவு, கடல் ஊர்வனவா இருக்கலாம், 1879-லயே லிடெக்கர்னு ஒரு வெள்ளக்கார ஆராய்ச்சியாளர், காரையும் சேர்ந்த நம்ம ஊட்டத்தூர் வரிசைப் பாறையில கெடச்ச முதுகெலும்ப வச்சு இக்தியோசாரஸ் இண்டிகஸ்னு பேர் வச்சிருக்காரு. கல்லமேட்டுல எடுத்ததுன்னா அது ஆத்துப் படிவு, டைனோசரா இருக்கலாம், அந்த எலும்போட வயசும் அங்கேர்ந்து ரெண்டு மூணு கோடி வருஷம் மாறிடும். அதே கல்லு, எடம் மாறினா வேற பிராணி, வேற காலம். நாம மூணு தடவ போனோம், மூணுத்தையும் ஒரே சாக்குல போட்டோம். கல்லமேடு போன அன்னிக்கு மழையில தொப்பலா நனைஞ்சு, பாய் கடையில பரோட்டா சாப்புட்டு, பஸ்ஸுல தூங்கிட்டே வந்தோம், அது மட்டும் அச்சு மாதிரி ஞாபகம் இருக்கு. கல்லு எதுவும் ஞாபகம் இல்ல.

இன்னொண்ணு சொல்லணும், உன்கிட்ட மட்டும்தான் சொல்ல முடியும். அந்த பதில் வந்த அன்னிக்கு ஒரு சீட்டுல "காரை, 1996"னு எழுதிட்டேன். காரைன்னுதான் என் மனசு சொல்லுது. போட்டோ கூட எடுத்துட்டேன், அனுப்பறதுக்கு. அப்புறம் கிழிச்சுப் போட்டேன். நாளைக்கு எவனாவது ஒரு பையன் இத நம்பி ஒரு முடிவு எழுதுவான், அது மேல இன்னொருத்தன் எழுதுவான், அடியில இருக்கிறது என் மனசு சொன்னது மட்டும்தான்னா என்ன ஆகும்? கல்லமேட்டு ராட்சச டைனோசர், பிருகத்காயோசாரஸ் கதை உனக்குத் தெரியும்ல, யாதகிரியும் அய்யாசாமியும் பேர் வச்சது, கால் எலும்பு மட்டும் ரெண்டு மீட்டர்னு சொன்னாங்க. அந்த எலும்புங்க களிமண்ணுல ஊறி ஊறி, எடுத்ததுக்கப்புறம் மழைக்காலத்து ஈரத்துல உதிர்ந்தே போச்சு. அது எலும்பே இல்ல, மரக்கல்லுன்னு கூட உலகம் பூரா சந்தேகப்பட்டாங்க, 2022-ல பழைய போட்டோக்கள வெளியிட்டப்பதான் அது எலும்புங்கற பக்கம் பேச்சு திரும்புச்சு. போட்டோவும் குறிப்பும் இருந்ததால அந்த ராட்சசன் முழுசா தொலையல. நாம என்ன வச்சிருக்கோம்?

ரெண்டு விஷயம் நமக்குச் சாதகமா இருக்கு. ஒண்ணு, கல்லோட ஒரு குழியில பழைய மண்ணு கடுகளவு ஒட்டியிருக்கு. ஹாஸ்டல் பைப்படியில பல் தேய்க்கிற பிரஷ் போட்டு எல்லாத்தையும் பளபளன்னு கழுவுனியே, நானும்தான் கூட நின்னு தண்ணி ஊத்தினேன், அதுக்கு தப்பிச்ச மண்ணு. அந்த மண்ண மைக்ராஸ்கோப்புல வச்சா கடல்ல வாழ்ந்த பொடி உயிருங்க ஓடு, அதான் ஃபொராமினிஃபெரா, இருக்கா இல்லையான்னு பாக்கலாமாம். இருந்தா கடல் படிவு, எந்தக் காலம்னு கூட ஓரளவுக்குச் சொல்லிடுவாங்க. எலுமிச்சம்பழச் சாறு ஒரு சொட்டு விட்டு, சுண்ணாம்பு இருந்து நுரைக்குதான்னு பாக்க கை துறுதுறுங்குது, விடல, இருக்கிறதே அவ்வளவுதான், அதயும் கரைச்சுட்டா முடிஞ்சுது. கல்ல பஞ்சுல சுத்தி உன் பழைய பாட்டா செருப்பு டப்பாவுல வச்சிருக்கேன், வார்னிஷ் பூசி ஷோகேஸ்ல வைங்கன்னு பக்கத்து வீட்டுக்காரரு சொன்னாரு, தொட விடல.

ரெண்டாவது, அதுதான் முக்கியம். கல்லோட அடியில பிளாஸ்திரி துண்டு ஒண்ணு இன்னும் ஒட்டியிருக்கு. மத்த எல்லாத்துலயும் உதிர்ந்துடுச்சு, இதுல மட்டும் இருக்கு. பால்பாயிண்ட் மை மங்கிப் போயி, ஆனா உன் கையெழுத்து, உன் கோணல் ஏழு. 27.

நான் நம்பர் சொல்லச் சொல்ல நீதான் நோட்டுல எழுதுன. ரூம்ல லைட் போனதுக்கப்புறமும் மெழுகுவத்தி வச்சு எழுதிட்டிருந்த, நான் தூங்கிட்டேன். அதுல எடத்தையும் நீ எழுதியிருப்பன்னு நெனக்கிறேன், நீ பரோட்டாவுக்கு எவ்வளவு ஆச்சுன்னு கூட எழுதுற ஆளு. 27 கிழிஞ்சு போயிருந்தாலும் பரவால்ல, 26-ம் 28-ம் எங்க எடுத்ததுன்னு தெரிஞ்சா போதும், பெலம்னைட்டா சிப்பியான்னு எழுதியிருந்தாக் கூட எந்த நாள்னு பிடிச்சுடலாம்.

காரைக்கு போன மாசம் அந்தப் பையன கூட்டிட்டுப் போனேன். செவப்பு மண்ணு அப்படியேதான் இருக்கு, ஜிப்சம் வெயில்ல மினுங்குது, ஆனா நாம போனப்ப காலுக்கடியில நறநறன்னு மிதிபட்ட தோட்டாக் கல்லு இப்ப குனிஞ்சு தேடணும். ஞாயித்துக்கிழமை கார்ல வந்து பை பையா அள்ளிட்டுப் போறாங்க, புள்ளைங்களுக்கு காட்டணும்னு ஆசையாத்தான் எடுக்கிறாங்க, நாமளும் அப்படித்தான எடுத்தோம். எனக்கு கோவம் வரல, பயமா இருந்துச்சு. எத்தன வீட்டு ஷோகேஸ்ல எத்தன 27-ம் நம்பர் நம்பரே இல்லாம உக்காந்திருக்கோ. பையனுக்கு ஒரு நோட்டு வாங்கிக் குடுத்திருக்கேன். வர்ற ஞாயித்துக்கிழமை வாரணவாசி மியூசியத்துக்கு அந்த உருண்டைய எடுத்துட்டுப் போறோம், போட்டோவும் எடமும் சேத்து, அங்கயே வச்சுக்கிட்டாலும் சரின்னு அவனே சொல்லிட்டான். அவன் பேர்ல ஒரு சீட்டு வச்சா நல்லாருக்கும்னு நான் கேக்கப் போறேன், அவன் கேக்க மாட்டான்.

நீ எப்ப வர்ற? மே மாசம்னு சொன்னதா ஞாபகம், அத கொஞ்சம் முன்ன தள்ள முடியுமா பாரு. அதுக்குள்ள லால்குடிக்கு நானே போயி தேடட்டுமான்னு தோணுது, ஆனா உங்கம்மா நான் வந்தா சும்மா விட மாட்டாங்க, பெட்டிய எடுக்குறேன்னு அவங்களே ஸ்டூல் போட்டு ஏறிடுவாங்க, அந்த முட்டிய வச்சுக்கிட்டு. அதனால போன்ல நோட்டப் பத்தி அவங்ககிட்ட மூச்சு விடாத. நீயே வந்து ஏறு.

கருணா