பதினாலு மணி நேரம், ஒரே சீட்

அன்புள்ள மகளுக்கு,

விமான டிக்கெட் போட்டாச்சு, 14 மணி நேரம், எகானமி என்று எழுதியிருந்தாய். எந்தக் கழுத்துத் தலையணை வாங்கலாம் என்று மட்டும்தான் கேட்டிருக்கிறாய். அதையும் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒன்று, கண்ணு. அந்த சீட்டில் 14 மணி நேரத்துக்கும் வசதியாக உட்காரும் விதம் என்று ஒன்று கிடையவே கிடையாது. அப்படி ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்து, அசையாமல் நாலு மணி நேரம் கிடப்பவர்களுக்குத்தான் இடுப்பு பிடித்துக்கொள்ளும், கால் வீங்கும். எவ்வளவு நன்றாக இருந்தாலும் விழித்திருக்கும்போது அரை மணிக்கு ஒரு தடவை உட்காரும் விதத்தை மாற்று. கீழே எழுதியிருப்பதில் பாதி, அப்படி மாற்றிக்கொள்ள இடம் பண்ணிக்கொள்வது எப்படி என்பதுதான்.

முதலில் சீட். எகானமியில் இரண்டு வரிசைகளுக்கு இடையே பெரும்பாலும் 30 முதல் 32 அங்குலம் என்று போட்டிருக்கும். அது உன் முழங்காலுக்குக் கிடைக்கும் இடம் இல்லை. ஒரு சீட்டின் ஒரு புள்ளியிலிருந்து முன் சீட்டின் அதே புள்ளி வரைக்கும் உள்ள அளவு. சாய்மானத்தின் தடிமனும் அதற்குள்ளேயே அடக்கம். அகலம் 17 முதல் 18 அங்குலம். ஒரு அங்குலம்தானே என்று விட்டுவிடாதே, தோளில் அது நன்றாகவே தெரியும். ஏர்பஸ் ஏ350-ல் பொதுவாக வரிசைக்கு 9 பேர், சீட் சுமார் 18 அங்குலம். போயிங் 777-ல் பல நிறுவனங்கள் வரிசைக்கு 10 பேர் வைக்கிறார்கள், 17-ஐ ஒட்டித்தான் வரும். டிக்கெட்டில் விமானத்தின் வகை போட்டிருக்கும், பார்த்துக்கொள்.

நீ நடைபாதை ஓர சீட்டையே எடு. ஜன்னல் ஓரத்தில் சாய்ந்து தூங்கச் சுவர் இருக்கிறது, உண்மைதான். ஆனால் எழுந்திருக்க ஒவ்வொரு தடவையும் இரண்டு பேரை எழுப்ப வேண்டும். தூங்குகிறவர்களை எழுப்ப உனக்கு மனசு வராது, அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். நடைபாதை ஓரத்திலும் ஒரு தேர்வு இருக்கிறது. ஜன்னல் பக்கத்து மூன்று சீட்டில் ஓரமாக உட்கார்ந்தால், உள்ளே இருக்கும் இருவருமே உன்னைத் தாண்டித்தான் போக வேண்டும். நடுப் பகுதியின் ஓரத்தில் உட்கார்ந்தால் அதிகபட்சம் ஒருவர்தான் உன் பக்கம் வருவார், மற்றவர்களுக்கு மறுபக்கம் வழி இருக்கிறது. இரவு விமானத்தில் இந்த வித்தியாசம் பெரிது.

தவிர்க்க வேண்டியவை: கடைசி வரிசை (சாய்மானம் பல விமானங்களில் சாயாது, பின்னால் கழிவறை, குலுக்கலும் அங்கேதான் அதிகம்), எமர்ஜென்சி கதவுக்கு நேர் முன்னால் உள்ள வரிசை (அதுவும் சாயாமல் இருக்கலாம்), திரைக்கான மின் பெட்டி முன் சீட்டின் அடியில் இருக்கும் சீட் (ஒரு காலை நீட்டவே முடியாது). முன்னால் சுவர் உள்ள வரிசையை எல்லாரும் விரும்புவார்கள். எனக்கு அதில் பாதி சம்மதம்தான். முட்டி இடிக்காது. ஆனால் அங்கே சாப்பாட்டுத் தட்டு கைப்பிடிக்குள் இருப்பதால் கைப்பிடியைத் தூக்க முடியாது. விமானம் மேலே ஏறும்போதும் தரையிறங்கும்போதும் பையைக் காலடியில் வைக்க விடமாட்டார்கள். கைக்குழந்தைத் தொட்டில் மாட்டுவதும் அந்தச் சுவரில்தான். குலுக்கல் பயம் இருந்தால் இறக்கைக்கு மேலே உள்ள வரிசைகள் நல்லது. செக்-இன் திறக்கும் நேரத்தில், பெரும்பாலும் புறப்பட 24 மணி நேரம் முன்னால், சீட் வரைபடத்தை இன்னொரு தடவை திறந்து பார். அப்போது நிறைய இடம் மாறியிருக்கும். பக்கத்து சீட் காலியான இடம்கூட அகப்படலாம்.

நடைபாதைப் பக்கத்துக் கைப்பிடி தூக்க வராத மாதிரி இருக்கும். பல சீட்டுகளில் அது தூக்கக்கூடியதுதான். கைப்பிடியின் அடிப்பக்கத்தில், பின்னால் கீல் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் விரலால் தடவிப் பார். சின்னப் பொத்தானோ நெம்புகோலோ தட்டுப்படும். அதை அழுத்திக்கொண்டே தூக்கினால் எழும். இடுப்பைப் பக்கவாட்டில் திருப்ப இரண்டு அங்குலம் கிடைக்கும், எழுந்து இறங்குவதும் சுலபம். ஏறும்போதும் இறங்கும்போதும் சாப்பாட்டு வண்டி வரும்போதும் கீழே இறக்கிவிடு.

இப்போது உட்காருவது. உன் உயரத்துக்கு அந்த சீட்டில் பாதம் தரையில் முழுசாகப் படியாது. சீட்டின் முன் விளிம்பு தொடையின் அடியில் அழுத்தும், அழுத்தினால் காலிலிருந்து ரத்தம் மேலே வருவது தடைபடும், மரத்துப்போகும். விமானம் மேலே போய் நிலைக்கு வந்ததும் காலடிப் பையைப் படுக்கவைத்து அதன்மேல் பாதத்தை வை. முட்டி இடுப்பைவிட ஒரு விரற்கடை உயர்ந்தால் போதும். கால் நீட்டத் தோன்றும்போது பையைப் பின்னால் தள்ளிவிடு. அதனால் பையில் உடைகிற பொருள் வேண்டாம்.

அடுத்தது முதுகு. அந்த சாய்மானம் இடுப்புப் பகுதியில் உள்வாங்கியிருக்கும். நேரம் போகப்போக இடுப்பு முன்னால் வழுக்கி, முதுகு கூன் போட்டுவிடும். காலையில் இறங்கும்போது வலிப்பது இதனால்தான். அவர்கள் தரும் போர்வையை உன் முன்கை தடிமனுக்குச் சுருட்டி, பெல்ட் கட்டும் உயரத்தில் முதுகுக்குப் பின்னால் வை. மேலே வைத்தால் தோளைத் தள்ளும், கீழே வைத்தால் பிட்டத்தைத் தள்ளும். ஒரு மணி நேரம் கழித்து அதை எடுத்துவிட்டு உட்கார், பிறகு மறுபடி வை. காற்றடைத்த தலையணையாக இருந்தால் பாதிக்குச் சற்று மேல் மட்டும் ஊது. மேலே காற்றழுத்தம் குறைவு, உள்ளே உள்ள காற்று விரிந்து கல் மாதிரி ஆகிவிடும்.

நீ கேட்ட கழுத்துத் தலையணைக்கு வருகிறேன். குதிரை லாட வடிவத்தில் விற்பதில் பின்பக்கம் தடிமனாக இருந்தால் வாங்காதே. சாய்மானத்துக்கும் கழுத்துக்கும் நடுவே அது நின்று தலையை முன்னால் தள்ளும். தூங்கியதும் தலை மார்பில் விழும். பின்பக்கம் தட்டையாகவும், பக்கமும் முன்பக்கமும் உறுதியாகவும், முன்னால் பூட்டிக்கொள்ளும் கொக்கியோடும் இருப்பதைப் பார். ஏற்கெனவே வைத்திருப்பதைத்தான் கொண்டு போகிறாய் என்றால் திருப்பிப் போட்டுக்கொள், தடித்த பக்கம் தாடைக்குக் கீழே வரட்டும். சீட்டின் தலைப்பகுதியிலேயே இரண்டு பக்கமும் மடங்கும் காதுகள் இருக்கும், பலர் அதைக் கவனிப்பதே இல்லை. மேலே இழுத்து உன் உயரத்துக்கு வைத்து உள்பக்கம் மடக்கினால் தலை சாயாது. தூங்கும்போது சீட் பெல்ட்டைப் போர்வைக்கு மேலே போட்டுக்கொள். விளக்கு எரிந்ததும் பெல்ட்டைப் பார்க்க உன்னை எழுப்ப மாட்டார்கள்.

கால் விஷயத்தை மட்டும் அலட்சியமாக எடுத்துக்கொள்ளாதே, ம்மா. கெண்டைக்கால் தசை சுருங்கிச் சுருங்கித்தான் ரத்தத்தை மேலே தள்ளுகிறது. அது வேலை செய்யாவிட்டால் ரத்தம் தேங்கும், சிலருக்குக் காலின் ஆழத்தில் உள்ள ரத்தக்குழாயில் உறையும். உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தால் இந்த ஆபத்து கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பஸ், ரயில், கார் எதுவானாலும் இதே கதைதான். ஆனாலும் உடல்நலம் உள்ளவர்களுக்கு 6,000 நீண்ட பயணத்தில் ஒன்று என்ற அளவுதான், பயப்பட வேண்டாம். கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், சமீபத்தில் அறுவை சிகிச்சை ஆனவர்கள், குடும்பத்தில் யாருக்காவது ரத்த உறைவு வந்தவர்கள் இவர்களுக்கெல்லாம் ஆபத்து கூடுதல். இதில் ஏதாவது உனக்குப் பொருந்தினால் கிளம்பும் முன் டாக்டரைக் கேள், எனக்குச் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை.

செய்ய வேண்டியது சின்னதுதான். குதிகாலைத் தரையில் வைத்து விரல்களை உன் பக்கம் இழு, மூன்று எண்ணு. பிறகு விரலை ஊன்றிக் குதிகாலைத் தூக்கு, மூன்று எண்ணு. இப்படி 15 தடவை. அப்புறம் ஒவ்வொரு கணுக்காலையும் வலம், இடம் என்று பத்துச் சுற்று. திரையில் படம் பார்த்தால் அரை மணிக்கு ஒரு தடவை செய். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து, பின்பக்கம் வரை நடந்து, அங்கே சுவரைப் பிடித்துக்கொண்டு இருபது தடவை குதிகால் தூக்கி இறக்கு. முழங்காலுக்குக் கீழ் வரும் அழுத்த சாக்ஸ் போடுவதானால் அளவு முக்கியம். காலையில், கால் வீங்கும் முன்பே கணுக்காலையும் கெண்டையையும் டேப்பால் அளந்து வாங்கு. அளவு தப்பினால் மேல் பட்டை சுருண்டு கயிறு கட்டினாற்போல் இறுக்கும். அது போடாததைவிடக் கெடுதல். தூக்க மாத்திரை வேண்டாம். நன்றாகத் தூக்கம் வரும், ஆனால் ஒரே கோணலில் ஆறு மணி நேரம் அசையாமல் கிடப்பாய்.

உள்ளே ஈரப்பதம் பெரும்பாலும் 10 முதல் 20 சதவீதம்தான். மூக்கும் தொண்டையும் காய்ந்து எரியும். காலி பாட்டிலைப் பையில் வைத்துக்கொள். பாதுகாப்புச் சோதனை தாண்டியதும் நிரப்பிக்கொள்ளலாம். விழித்திருக்கும்போது மணிக்கு ஒரு டம்ளர், சிறிது சிறிதாகக் குடி. அதனால் எழுந்து போக வேண்டிவரும், அதுவும் நல்லதே. கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி போட்டுக்கொள். உதட்டுக்கும் கைக்கும் தடவ ஏதாவது எடுத்துக்கொள், 100 மில்லிக்கு உட்பட்ட டப்பாவாக.

வயிறு உப்புவதற்கும் காரணம் அழுத்தம்தான். உள்ளே காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பது போல. குடலில் உள்ள வாயு மூன்றில் ஒரு பங்கு வரை விரியும். முந்தின நாளிலிருந்தே பீன்ஸ், முட்டைக்கோஸ் வேண்டாம். விமானத்தில் சோடா, கோலா வேண்டாம். இடுப்பில் இறுக்காத கால்சட்டை போடு, ஜீன்ஸ் ஒத்துவராது. தனி உணவு வேண்டுமானால் குறைந்தது 24 மணி நேரம் முன்பே சொல்லிவைக்க வேண்டும். அது பெரும்பாலும் மற்றவர்களுக்கு முன்னால் வந்துவிடும். சாப்பாட்டு வண்டி கிளம்பும் முன்பே கழிவறைக்குப் போய்வந்துவிடு. சாப்பிட்டு முடித்ததும் வரிசை நீளும், வண்டி நடைபாதையை அடைத்துக்கொண்டு நிற்கும். ஷூவைக் கழற்றினால் பரவாயில்லை, ஆனால் கழிவறைக்குச் சாக்ஸோடு போகாதே. தரை ஈரமாக இருக்கும், அது தண்ணீர் என்று நம்ப வேண்டாம். கால் வீங்கி ஷூ அரை சைஸ் சின்னதானது போல் இருக்கும், அதனால் கயிறு தளர்த்தக்கூடிய ஷூவே போட்டுக்கொள்.

ஏறி உட்கார்ந்ததுமே கைக்கடிகாரத்தைப் போகும் ஊர் நேரத்துக்கு மாற்று. அங்கே இரவாக இருக்கும் மணி நேரங்களில் கண்ணை மறைக்கும் பட்டையைக் கட்டிக்கொள், திரையை அணை. தூங்க நினைக்கும் நேரத்துக்கு ஆறு மணி நேரம் முன்பே காபியை நிறுத்து. இயந்திர இரைச்சலுக்குப் பஞ்சு போன்ற காது அடைப்பான் போதும். அதைச் சுருட்டி மெல்லியதாக்கி, காதுமடலை மேலே இழுத்துக்கொண்டு உள்ளே விட்டு, விரிகிற வரை அரை நிமிஷம் பிடித்திரு. அப்படிச் செய்யாதவர்கள்தான் அது அடைக்கவில்லை என்பார்கள்.

பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், ஏற்றிவிடும் பெட்டியில் போடக் கூடாது. 100 வாட்-மணிக்குள் (Wh, பேட்டரி தேக்கும் மின்சக்தியின் அளவு) இருந்தால் அனுமதி கேட்க வேண்டாம். சாதாரணமான 20,000 எம்ஏஎச் என்பது 74 வாட்-மணி. பல நிறுவனங்கள் விமானத்துக்குள் அதைப் பயன்படுத்த விடுவதில்லை, அதனால் போனை ஏறும் முன்பே முழுசாகச் சார்ஜ் செய்துகொள்.

காது வலி ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் அதிகம். இறங்கத் தொடங்கியதும் விழித்துக்கொள், தூங்கினால் எச்சில் விழுங்குவது குறையும். அடிக்கடி விழுங்கு, கொட்டாவி விடு. அடைத்துக்கொண்டால் மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மெல்ல ஊது. பலமாக ஊதக் கூடாது. சளி இருந்தால் மூக்குச் சொட்டு மருந்தை இறங்கத் தொடங்குவதற்கு அரை மணி முன்பே போடு.

போய்ச் சேர்ந்த பிறகும் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒன்றைக் கவனி. ஒரு காலில் மட்டும் கெண்டை வீங்கி வலித்தாலோ, சூடாகச் சிவந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய், நீண்ட விமானப் பயணம் செய்ததை முதல் வார்த்தையாகச் சொல்.

விமானத்தின் வகையையும், இப்போது உனக்கு ஒதுக்கியிருக்கும் சீட் எண்ணையும் எனக்கு அனுப்பு. வரைபடத்தைத் திறந்து நானும் பார்க்கிறேன்.

அன்புடன்,
அம்மா